ஐஸ் இயந்திரம் நின்ற இடம்

முதல் கட்டடம் ஒரு நொடித்துப்போன மோட்டல்.
ஐடஹோவில், புது நெடுஞ்சாலை
நான்கு மைல் தள்ளிப் போய்விட்ட பிறகு
பதினொரு மாதம் ஒரு காரும் உள்ளே திரும்பவில்லை.
ஹாலிஸ் ட்ரம்பில் அதை ஏலத்தில் எடுத்தார்.
வழிப்போக்கர் வராவிட்டால் என்ன,
வழி முடிந்தவர்கள் வரட்டும் என்றாராம்.
சொல்லியிருக்க மாட்டார்.
விளம்பரக்காரர்கள் பிறகு சேர்த்தது.

மூன்று வேளைச் சாப்பாடு,
வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பு,
கடைக்குப் போக ஒரு வேன்.
செவிலி கிடையாது.
தன் மாத்திரையைத் தானே எண்ணிப் போட்டுக்கொள்ளத் தெரிந்தால்
உள்ளே வரலாம், நாயோடும் வரலாம்.

வெண்டலும் நானும் மேலாளர்கள்.
இருவருக்கும் சேர்த்து ஒரு சம்பளம்,
ஒரு சாவிக்கொத்து, தரைத்தளத்தில் ஒரு வீடு.
இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டினால்
இன்றைக்கு யார் முறை என்று
முழங்கையால் பேசிக்கொள்வோம்.

ஆண்டுக்கொன்றாய் இருந்த கட்டடம்
மாதத்துக்கொன்றாயிற்று.
வரைபடம் ஒன்றேதான். அதைச் சுருட்டி
ட்ரக்கின் முன்சீட்டில் போட்டுக்கொண்டு
ஒரே தச்சர் கூட்டம் ஊர் ஊராகப் போயிற்று.
அதே படிக்கட்டு, அதே பழுப்புக் கம்பளம்.
நிறுவனம் எங்களை எங்கே மாற்றினாலும்
இருட்டில் என் கைக்கு
விளக்கின் சுவிட்ச் தெரிந்திருந்தது,
எனக்குத்தான் ஊர் தெரியாது.
ஜன்னலைத் திறப்பேன்.
சர்க்கரைக்கிழங்கு வேகும் வாடை அடித்தால் பில்லிங்ஸ்.

ஒவ்வொரு மாடியிலும், நடை திரும்பும் இடத்தில்
சுவரில் ஒரு குழிவு.
மூன்றடிக்கு மூன்றடி. கதவில்லை, அலமாரியில்லை.
மோட்டலின் ஐஸ் இயந்திரம் அங்கேதான் நின்றது.
அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.
வரைபடத்தோடு வரைபடமாய்
அந்தப் பள்ளமும் ஏழு மாநிலங்களுக்குப் பரவிற்று.

யாக்கிமாவில் வெல்டா ஹப்பெல் அதில் மேசை போட்டு
ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம் ஒன்றைக் கொட்டினார்.
மனைவி போனபின் ஆறு வாரம்
சாப்பாட்டை அறைக்கே கேட்டுக்கொண்டிருந்த
லாயிட் எங்ஸ்ட்ரம்
அந்த வழியாகக் குப்பை கொட்டப் போனவர்
நின்றார்.
பிறகு தினமும் வந்தார், வானத்துண்டுகளை மட்டும் சேர்க்க.
கடைசித் துண்டு காணவில்லை.
துவைக்கப் போட்ட அவர் சட்டைப்பையில்
நான்தான் அதைக் கண்டெடுத்தேன்.
திரும்ப அதே பையில் வைத்தேன்.

நூற்றுப் பதினேழாவது கட்டடத்தோடு ஹாலிஸ் விற்றுவிட்டார்.
வாங்கியவர்கள் நியூயார்க்கில் ஒரு நிதி நிறுவனம்.
அவர்கள் கணக்கில் ஆட்கள் இல்லை, கதவுகள்.
திங்கள்தோறும் போன் வரும்: எத்தனை கதவு காலி?
வெண்டல் பெயர்களைச் சொல்வார்.
மறுமுனை எண்ணுக்காகக் காத்திருக்கும்.

புதிய கட்டடக்கலைஞர், கெட்டிக்காரப் பெண்,
வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டாள்:
இது எதற்கு?
மாடிக்கு ஒன்பது சதுர அடி, வாடகை தராத இடம்.
ஐஸுக்கு என்றேன்.
சிரித்தாள். நியாயமான சிரிப்புத்தான்.

ஆகவே ரேபிட் சிட்டியில் சுவர் நேராகப் போகிறது.

நாங்கள் அங்கே வந்த மூன்றாம் வாரம்
இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மடக்கு மேசை.
தீயணைப்பு ஆய்வாளர் எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.
மறுநாள் இருந்தது.
யார் வைத்தது என்று சாப்பாட்டு அறையில் கேட்டேன்.
எழுபது பேரும் சூப்பைப் பார்த்தார்கள்.

இப்போதெல்லாம் ஆய்வாளர் வரும் தேதியை
வெண்டல் பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்,
பிங்கோ நேரத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில்.
வியாழனன்று நடை வெறிச்சென்று இருக்கும்.
வெள்ளி காலை மேசை திரும்பியிருக்கும்,
பாதி வானம் விட்ட இடத்திலேயே.

அத்தனை துண்டையும் கலையாமல்
எந்தக் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.
திங்கட்கிழமைப் போனிலும்
அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.